ஹீட்டருக்குள் ஒரு ஒயர்

அந்த மெக்கானிக்குக்கு கம்பெனியில் வைத்த பெயர் 'எதுக்கும்'. வீடுகளில் இருக்கும் நீச்சல் குளங்களுக்கு மோட்டார், ஃபில்டர், ஹீட்டர் எல்லாம் பழுது பார்ப்பவர். வேலை முடித்து, பெட்டியை மூடி, வேனில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்ட பிறகும், "எதுக்கும் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போவார். பார்த்துவிட்டு வந்து ஏறியவர் சில நாள் மறுபடியும் இறங்குவதுண்டு. ஆபீசில் போன் எடுக்கும் பெண்கூட "எதுக்கும் அண்ணே" என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவாள். அவருக்கு அதில் கோபம் இல்லை. இருபது வருடத்தில் அவர் கை வைத்த இடத்தில் ஒரு சொட்டு ஒழுகியதாக யாரும் போன் செய்ததில்லை.

கம்பெனி அவருடைய மனைவியின் தம்பியுடையது. மச்சினன் நல்ல பையன்தான். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. மத்தவங்க ஒரு நாளைக்கு நாலு வீடு முடிக்கறாங்க. நீங்க ரெண்டு. வேலை சுத்தம்தான், நான் இல்லங்கல. ஆனா பாத்ததையே திரும்பத் திரும்பப் பாக்கறதுல பாதி நாள் போயிடுது. நாளைக்கு உங்களுக்கு நாலு வீடு போட்டிருக்கேன். ஒரு தடவ பண்ணுங்க, மூடுங்க, கெளம்புங்க. அவ்வளவுதான்."

"சரி மாப்ள" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? அக்காவிடம் போய்ச் சொல்லாமல் நேரே தன்னிடம் சொன்னானே என்று ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் முதல் வீடு ஒரு பல் டாக்டரம்மாவுடையது. முன்பக்கம் கிளினிக், நடுவில் வீடு, பின்னால் குளம். குளம் என்றால் பெரியதெல்லாம் இல்லை. நாலு எட்டு வைத்தால் அந்தக் கரை. குளத்தை ஒட்டிய சுவரோரம் கேஸில் எரியும் ஹீட்டர். அதற்கடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். வாளியில் கால்வாசித் தண்ணீர்.

"மூணு நாளா சொட்டுது" என்றார் டாக்டரம்மா. கையுறையைக் கழற்றாமலே பேசினார். உள்ளே யாரோ வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகி மூணு மாசம் ஆகுது. தெனமும் மத்தியானம் தண்ணில நடக்கணும். தண்ணி முப்பத்திரண்டு டிகிரி இருக்கணும்னு பயிற்சி குடுக்கறவர் சொல்லியிருக்கார். இன்னைக்கு முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்மா."

அவர் மோட்டாரை நிறுத்தினார். சொட்டு நின்றது. ஓடவிட்டார். மறுபடி சொட்டியது. அப்படியென்றால் ஹீட்டரின் வயிறு ஓட்டையில்லை, அழுத்தம் வரும்போது மட்டும் எங்கோ ஒரு மூட்டு கசிகிறது. துணியால் எல்லாவற்றையும் ஈரம் போகத் துடைத்தார். டிஷ்யூ தாளைக் கிழித்துத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு மூட்டின் அடியிலும் ஒட்டிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது துண்டு ஓரத்தில் இருந்து மெல்ல நிறம் மாறியது. சூடான தண்ணீர் வெளியே வரும் குழாயை ஹீட்டரோடு இணைக்கும் பெரிய மரை. கழற்றினால் உள்ளே இருந்த ரப்பர் வளையம் தட்டையாகி, நகத்தால் கீறினதுபோல ஒரு வெடிப்போடு இருந்தது. வளையம் உட்காரும் பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்து, புது வளையத்துக்கு கிரீஸ் தடவி உட்கார வைத்து, கையால் முறுக்கி, கடைசியாக ஒரு கால் சுற்று மட்டும் ஸ்பேனர் போட்டார். சொட்டு நின்றுவிட்டது.

ஆனால் ஹீட்டர் எரிய மறுத்தது. குழாயைத் திறந்ததில் உள்ளே காற்று புகுந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்றால் பர்னரை எரியவிடாமல் தடுக்க ஒரு பிரஷர் ஸ்விட்ச் உண்டு; அது தடுக்கிறது. இருந்தாலும் ஸ்விட்சே கெட்டுப்போயிருந்தால்? முன்பலகையைத் திறந்து, சட்டைப் பையில் எப்போதும் செருகி வைத்திருக்கும் விரல் நீளச் சிவப்பு ஒயரை எடுத்து, ஸ்விட்சின் இரண்டு முனைக்கும் நடுவே மாட்டி, ஸ்விட்சைத் தாண்டி 'டைரக்ட்' கொடுத்தார். பர்னர் குப்பென்று பிடித்தது. மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஃபில்டரின் தலையில் இருந்த திருகைத் திறந்து காற்றை வெளியேற்றினார். அது சீறிக்கொண்டிருக்கும்போதுதான் போன் அடித்தது.

"மாமா, மணி பத்தே முக்கால். முடிஞ்சுதா?" என்றான் மச்சினன்.

"முடிஞ்ச மாதிரிதான் மாப்ள."

"அப்போ கெளம்புங்க. ரெண்டாவது வீட்டுல ரெண்டு தடவ கேட்டுட்டாங்க."

திருகை மூடினார். பலகையைப் பூட்டினார். வேனில் ஏறியதும் கை தன்னால் கதவுப் பிடிக்குப் போனது. அந்தக் கையை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

இரண்டாவது வீட்டில் மோட்டார் கரகரவென்று கத்தியது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு இளைஞனின் வீடு. மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தபோது ஒரு இணைப்பைச் சோதிக்க ஒயர் தேவைப்பட்டது. கை சட்டைப் பைக்குப் போனது.

பையில் பேனா இருந்தது. சின்ன ஸ்குரூடிரைவர் இருந்தது. ஒயர் இல்லை.

பேன்ட் பைகளைப் பார்த்தார். கருவிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வேனுக்கு ஓடி, சீட்டுக்கடியில், மிதியடிக்கடியில், பழைய வளையத்தைப் போட்டு வைத்த டப்பாவில் தேடினார். எங்கேயாவது விழுந்திருக்கலாம். கழற்றி ஹீட்டர் மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். கழற்றினோமா? காற்று சீறியது நினைவிருக்கிறது. போன் வந்தது நினைவிருக்கிறது. பலகையின் நாலு திருகையும் முடுக்கியது விரலில் இன்னும் இருக்கிறது. நடுவில் ஒயரை உருவியது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

மணி ஒன்று இருபது. டாக்டரம்மா வீட்டு மோட்டார் டைமரில் ஓடுகிறது. காலை எட்டு முதல் மத்தியானம் இரண்டு வரை என்று முள் வைத்திருந்ததை அவரே பார்த்தார். இரண்டு மணிக்கு மோட்டார் நிற்கும். ஒயர் உள்ளே இருந்தால், தண்ணீர் ஓடவில்லை என்பது ஹீட்டருக்குத் தெரியாது. அது பாட்டுக்கு எரியும். அதிக சூடானால் அணைக்க இன்னொரு காவல் உண்டுதான். ஆனால் அது பழைய ஹீட்டர். அந்தக் காவல் வேலை செய்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. வழக்கமாக இரண்டாவது தடவை போகும்போதுதான் அதைப் பார்ப்பார்.

டாக்டரம்மா கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டார். கிளினிக் பெண் எடுத்தாள்.

"டாக்டர் பேஷண்ட்கிட்ட இருக்காங்க. எந்தப் பல்லுங்க?"

"பல்லு இல்லம்மா. காலைல வந்த மெக்கானிக். அந்த ஹீட்டர உடனே ஆஃப் பண்ணணும். ரொம்ப அவசரம்."

"ஹீட்டரா? ஒரு நிமிஷம்." நாலைந்து நொடி. "ஆஃப் பண்ணிட்டேன் அண்ணே." வைத்துவிட்டாள்.

அவருக்கு மூச்சு வந்தது. மோட்டார் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார். கிளினிக்கில் இருந்து வீட்டுக்குள் நுழைந்து பின்பக்கம் போய் ஹீட்டரை அணைத்துவிட்டு வர நாலு நொடி எப்படிப் போதும்? திரும்பப் போன் போட்டால் லைன் பிஸி. மறுபடியும் பிஸி.

"தம்பி, ஒண்ணரை மணி நேரத்துல வந்துடறேன். இத யாரும் தொடாதீங்க" என்று ஹெட்போன் இளைஞனிடம் சொன்னார். அவன் ஒரு காதை மட்டும் திறந்து கேட்டுவிட்டுத் தலையாட்டினான்.

நாற்பது நிமிட வழி. பாதியில் சாலையைத் தோண்டிப் போட்டு ஒரு பக்கமாக வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். கொடி பிடித்திருந்த ஆள் இவருடைய முறை வரும்போதெல்லாம் சிவப்பைத் தூக்குவதுபோல் இருந்தது. ஹாரன் அடித்தார். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். வேனின் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகம் என்பது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். பிறகு, வேகமா மெதுவா என்றே சந்தேகம் வந்துவிட்டது. டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் மத்தியானம் தண்ணீரில் நடப்பார் என்று அந்தம்மா சொன்னது காதிலேயே நின்றது. தினமும் மத்தியானம். ஹீட்டர் குளத்தை ஒட்டி இருக்கிறது. உள்ளே நிற்கும் தண்ணீர் கொதித்து, குழாய் இளகி, மூட்டு பிய்த்துக்கொண்டால், ஆவி அடிப்பது நேராகக் குளத்தின் படிக்கட்டுப் பக்கம்.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு பத்து. வேனை கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுப் பக்கவாட்டுச் சந்து வழியாக ஓடினார்.

மோட்டார் நின்றிருந்தது. குளத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நிதானமாக நடந்துகொண்டிருந்தார். மெக்கானிக் அவரைத் தாண்டிப் போய்க் குழாயில் கை வைத்தார். ஜில்லென்றிருந்தது. பலகையின் நாலு திருகையும் கழற்றினார். சிவப்பு ஒயர் அவர் மாட்டிய இடத்திலேயே இருந்தது.

உருவி எடுத்துப் பையில் போட்டார். ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா, காலைல வந்தவர்தானே? மறுபடியும் ஒழுகுதா?" என்றார் தண்ணீரில் இருந்தவர்.

"ஒழுகல சார்." பிறகு, மறைக்கத் தெம்பில்லாததுபோல, நடந்ததைச் சொன்னார். ஒயர், ஸ்விட்ச், இரண்டு மணி, எல்லாவற்றையும். "இது எரிஞ்சிருக்கணும் சார். ஏன் எரியலன்னுதான் எனக்குப் புரியல."

அந்த மனிதர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த நம்பரப் பாரு."

ஹீட்டரின் முகப்பில் இருபது என்று இருந்தது. காலையில் முப்பத்திரண்டு இருந்தது.

"முப்பது வருஷம் கப்பல்ல இருந்தவன் நான். கெடைக்கற கடல்லல்லாம் குதிச்சுக் குளிச்சவன். இவ என்னக் கொண்டாந்து வெந்நீர்ல போட்டு வேக வெக்கறா. அவ கிளினிக்குக்குப் போனதும் இருபதுக்கு எறக்கிடுவேன். சாயங்காலம் ஏத்தி வெச்சுடுவேன். வந்து நம்பரத்தான் பாப்பா, தண்ணில கை விட மாட்டா." சிரித்தார். "ரெண்டு மாசமா ஓடிட்டிருக்கு இந்தக் கத."

தண்ணீர் இருபதைவிடச் சூடாக இருந்ததால் ஹீட்டர் எரியவே முயலவில்லை. அவ்வளவுதான் விஷயம். மெக்கானிக் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்போ ஒண்ணு பண்ணுவோம்" என்றார் கப்பல்காரர். "உன் ஒயர நான் பாக்கல. என் நம்பர நீ பாக்கல. சரியா?" ஈரக்கையை நீட்டினார்.

மெக்கானிக் கையைக் கொடுத்தார். இந்தத் தடவை பலகையை மூடுமுன் மூன்று தடவை பார்த்தார். அதிக சூட்டுக் காவலைச் சோதித்தார்; அது ஒழுங்காகத்தான் இருந்தது. காலையில் போட்ட மூட்டின் அடியில் விரலை ஓட்டினார். காய்ந்திருந்தது. போகலாம். போகத்தான் வேண்டும், இரண்டாவது வீட்டில் மோட்டார் பிரித்துக் கிடக்கிறது. சந்து வழியாக கேட்டை நோக்கி நடந்தார். நடந்தவர் பாதியில் நின்று, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி நடந்தார்.

வேன் கதவைத் திறக்கும்போது கிளினிக் ஜன்னலில் அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, நீங்கதானே போன் பண்ணினது? ஹீட்டர ஆஃப் பண்ணிட்டேன், பாத்தீங்களா?"

அவள் பின்னாலேயே டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "அதான் கை கழுவற தண்ணி ஜில்லுன்னு வருதா? அத யாரு ஆஃப் பண்ணச் சொன்னது?" ஜன்னலுக்கு வந்து, இவரைப் பார்த்ததும் முகம் மாறியது. "அட, நீங்களா. சரியா இருக்கான்னு பாக்கத் திரும்ப வந்தீங்களா? இப்பல்லாம் யாருங்க இப்படிப் பாக்கறாங்க? உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்றேன், இப்படி ஒரு ஆள் இருக்காருன்னு."

ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வண்டியில் ஏறியிருக்கலாம். ஏறவும் செய்தார். சாவியைத் திருப்பினார். ஆபீசுக்குப் போன் போகும். போன் எடுக்கும் பெண், 'நம்ம எதுக்கும் அண்ணனா' என்று எல்லோரிடமும் சொல்வாள். மச்சினன் நாளைக்கு முதுகில் தட்டிக் கொடுப்பான். அதை நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"அம்மா, நான் பாக்க வரல. ஒரு தப்பு பண்ணிட்டேன். அத எடுக்க வந்தேன்."

டாக்டரம்மா கிளினிக் கதவைக் காட்டினார். "உள்ள வந்து உக்காருங்க. கையில இருக்கறத முடிச்சிட்டு வர்றேன்."

கன்னத்தில் கை வைத்த ஒரு அம்மாவுக்கும், மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவருக்கும் நடுவில், பேன்ட் பின்பக்கம் நனைந்திருக்க, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எழுந்து மீன் தொட்டியைப் பார்த்தார். தொட்டியின் சின்ன மோட்டார் சரியாகத்தான் ஓடியது. வந்து உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் பல்லின் குறுக்குவெட்டுப் படம். கிரீடம், வேர், நரம்பு என்று எழுதியிருந்ததை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தார். உள்ளேயிருந்து பல்லைக் குடையும் சத்தம் வந்தது, நின்றது, வந்தது. "ரொம்ப வலியா?" என்று கன்னத்து அம்மா அனுதாபமாகக் கேட்டார். "இல்லீங்க, நான் ஹீட்டர்" என்றார்.

இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார்கள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முடித்ததும் டாக்டரம்மா, "நீங்க சொல்றபடி பாத்தா ரெண்டு மணிக்கு மோட்டார் நின்னிருக்கு. ஒயரும் உள்ள இருந்திருக்கு. ஒண்ணும் ஆகலயே, ஏன்?" என்றார்.

"அப்போ ஹீட்டர் எரியலம்மா."

"ஏன் எரியல? முப்பத்திரண்டு வெச்சது நான்தான். இந்தக் குளுருக்கு விடாம எரிஞ்சிருக்கணுமே."

இவர் ஜன்னலைப் பார்த்தார். தட்டில் வரிசையாக வைத்திருந்த கருவிகளைப் பார்த்தார். "என் தப்ப மட்டும் சொல்ல வந்தேம்மா" என்றார் கடைசியில்.

டாக்டரம்மா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். "நம்பர் எவ்வளவு இருந்துச்சு?"

வீட்டுப் பக்கக் கதவில் கைத்தடி தட்டும் ஓசை கேட்டது. கப்பல்காரர் தலையைத் துவட்டியபடி எட்டிப் பார்த்து, "உன் வேன் கேட்ட மறிச்சுட்டு நிக்குதேப்பா, இன்னும் போகலயா?" என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல சார்."

"சொல்லல" என்றார் டாக்டரம்மா. "இத்தன நாளா நான் சுத்தமா ஏமாந்திருக்கேன், அதுதான் தெரியுது. உங்களுக்காகத்தானே தெனமும் அந்த ஹீட்டரப் போட்டு வெக்கறேன்? பிடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

அந்தம்மா யோசித்தார். "கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

கப்பல்காரர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் சிரிக்கிறார் என்பது தோளில் தெரிந்தது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தக் குளுந்த தண்ணில நடந்துமா கால் இவ்வளவு சரியாச்சு?" என்று கேட்டபோது குரலில் கோபம் பாதி, வேறு ஏதோ பாதி இருந்தது. பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார். "நடுவுல எத்தன வெச்சா இவருக்கும் ஆகும், எனக்கும் ஆகும்?"

"அத நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்கம்மா" என்றார் அவர் அவசரமாக.

"சரி. உங்க விஷயத்துக்கு வர்றேன். ஆபீஸ்ல இதச் சொல்லத்தான் செய்வேன். நல்லதச் சொல்றேன்னு சொன்ன வாயால இதையும் சொல்லணும்ல?"

"நானே இப்போ சொல்லிடறேம்மா."

வாசலுக்குப் போய் மச்சினனுக்குப் போன் போட்டார். வளைக்காமல் சொன்னார்.

"நான் போன் பண்ணினப்போவா மாமா?" என்றான் மச்சினன்.

"போன் நீ பண்ணின. மறந்தது நான்."

"நான் அப்படி நெருக்கியிருக்கக் கூடாது" என்று சொல்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "ரெண்டாவது வீட்டு மோட்டார நான் போய்ப் பாத்துக்கறேன். மிச்சம் ரெண்டையும் நாளைக்கு மாத்திடறேன். அந்தம்மாகிட்ட நானும் பேசறேன்" என்றான். வைக்கும்முன், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அவர் அன்றைக்குச் சாப்பிட்டிருக்கவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திரும்ப உள்ளே வந்து, சொல்லிவிட்டதாகவும் மிச்ச வீடுகளை நாளைக்கு மாற்றிவிட்டதாகவும் சொன்னார். டாக்டரம்மா தலையசைத்தார். ஆனால் இவர் முகத்தையே, அதிலும் தாடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?"

"வீட்டுல சொல்லுவா. எனக்குத் தெரியாது."

"வாயத் திறங்க. இங்க இல்ல, அந்தச் சேர்ல உக்காந்து."

"வேணாம்மா, வலியெல்லாம் எதுவும்—"

"வெளிய இருக்கறவங்க அஞ்சு நிமிஷம் பொறுப்பாங்க. உங்களுக்கும் இப்போ போக வேற வீடு இல்ல."

அது உண்மைதான். அவர் சாய்ந்து படுத்தார். முகத்துக்கு மேலே விளக்கு எரிந்தது. டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "கடவாப்பல்லு ரெண்டும் தேஞ்சு தட்டையாயிடுச்சு. ஒண்ணுல வெடிப்பு விழுந்திருக்கு. எத்தன வருஷமா இப்படிக் கடிக்கறீங்க?" என்றார். வாய் நிறையக் கருவி இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கை இரண்டும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன.

"அண்ணே, கால ஆட்டாதீங்க" என்றாள் கிளினிக் பெண். "சேரே ஆடுது."

கால் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஆட ஆரம்பித்தது.